இனிப்பில்லாத சாப்பாட்டுக்குக் குழந்தையைப் பழக்குவது எப்படி? முதல் ஸ்பூனிலிருந்து முழு வழிகாட்டி

பழம் மசித்துக் கொடுத்தால் ஸ்பூனை எட்டிப் பிடித்துச் சாப்பிடுகிற குழந்தை, அதே ஸ்பூனில் பீன்ஸ் மசியல் வந்தால் முகத்தைச் சுளிக்கும், உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும், நாக்கால் வெளியே தள்ளும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் போதும், "இவளுக்குக் காயே பிடிக்காது" என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அன்றிலிருந்து எல்லாவற்றிலும் பழம், இல்லாவிட்டால் இனிப்பான கூழ். ஆறேழு மாதக் குழந்தை முகம் சுளித்தால் அதற்கு "இது எனக்குத் தெரியாத ருசி" என்பதற்கு மேல் அர்த்தம் எதுவும் கிடையாது. பெரியவர்கள் அந்த முகத்தை நம்பிப் பின்வாங்குவதால்தான் பல குழந்தைகள் இனிப்போடு நின்றுவிடுகின்றன. கீழே சொல்லப்போகிற படிகள் எல்லாம் அந்தப் பின்வாங்கலைத் தவிர்ப்பதற்காகத்தான்.

இனிப்பு மட்டும் ஏன் உடனே இறங்குகிறது?

இனிப்பு, பிறக்கும்போதே பிடித்துப்போன ருசி. பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பு பட்டால் முகம் தளர்ந்து சப்பத் தொடங்கும். கசப்பு பட்டால் வாயைப் பிளந்து துப்பப் பார்க்கும், புளிப்புக்கு உதட்டைக் குவிக்கும். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது. நஞ்சுள்ள செடிகள் பலவும் கசக்கும் என்பதால் கசப்பை ஒதுக்கும் நாக்கு உயிரைக் காப்பாற்றும் நாக்கு. தாய்ப்பாலிலும் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. ஆறு மாதம் அதையே குடித்து வளர்ந்த குழந்தைக்கு மசித்த பழம் பழகிய ருசியாகத்தான் தெரியும்.

உப்பின் கதை வேறு. பிறந்த குழந்தைக்கு உப்பின் மேல் ஆசையும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. ஏறக்குறைய நான்கு மாதத்துக்குப் பிறகுதான் அந்த நாட்டம் தலைகாட்டுகிறது. இறைச்சிச் சாறு, வெந்த தக்காளி, காளான், பட்டாணி போன்றவற்றில் நாக்கில் தங்கி நிற்கும் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்ற பொருள். அது தாய்ப்பாலிலும் தாராளமாக இருக்கிறது. ஆகவே சாப்பாட்டு ருசி குழந்தைக்கு முழுக்க அந்நியம் என்று நினைத்துவிட வேண்டாம். காய், கீரைகளின் மெல்லிய கசப்புதான் அதற்குத் தடையாக நிற்கிறது.

பழக்கிவிட வேண்டும் என்று சொல்வதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது இரும்புச்சத்து. பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பு ஏறத்தாழ ஆறு மாதம் வரை தாங்கும். அதன்பிறகு ஒரு வயது வரை நாளுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. தாய்ப்பாலில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூடக் கிடையாது. பழத்திலும் இரும்பு சொற்பம். பருப்பு, பயறு, இறைச்சி, முட்டை, கீரை என்று இரும்பு தருகிறவை பெரும்பாலும் இனிப்பில்லாத பக்கத்தில்தான் இருக்கின்றன. இரண்டாவது, காலம். ஒன்றரை, இரண்டு வயதை ஒட்டிப் புது உணவைக் கண்டாலே ஒதுங்குகிற கட்டம் வரும். அதற்கு முன்னால் வாய்க்குள் போய்ப் பழகிய ருசிகள் அந்தக் கட்டத்தில் கைகொடுக்கும்.

படி 1: குழந்தை தயாரா என்று பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆறு மாதம் முடிந்த பிறகு. பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், தலை ஆடாமல் நிற்க வேண்டும், கையில் கிடைப்பதை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். வாயில் வைத்ததை நாக்கு தானாக வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் குறைந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். அது போகாத குழந்தைக்கு எதைக் கொடுத்தாலும் வெளியேதான் வரும். ருசி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வது நாம். குறைமாதக் குழந்தை என்றால் எப்போது தொடங்கலாம் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் சாப்பிடுவதன் ருசி பாலில் இறங்குகிறது. கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும் மாதங்களிலோ கேரட் சாறு குடித்து வந்த தாய்மார்களின் குழந்தைகள், கேரட் ருசி கலந்த கூழுக்குக் குறைவாகவே முகம் சுளித்ததாக 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் தட்டில் காய் இருந்தால் பாதி வேலை முன்னாடியே நடந்துவிடுகிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரே ருசிதான் தெரியும் என்பதால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். வேறு குறை ஒன்றுமில்லை.

படி 2: முதல் ஸ்பூனில் காய் வையுங்கள்

"முதலில் பழம் கொடுத்துவிட்டால் ஜென்மத்துக்கும் காய் தொடாது" என்பது மிகை. ஆனால் புது உணவு என்ற ஆர்வம் இருக்கிற முதல் இரண்டு வாரத்தில் காயோடு தொடங்குவது லாபம். பழத்தை யாரும் பழக்கத் தேவையில்லை, அது தன்னை தானே பழக்கிக்கொள்ளும்.

கேரட், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு மூன்றும் காய் என்ற பெயரில் வரும் இனிப்புகள். அவற்றோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். பீன்ஸ், ப்ரோக்கோலி, காலிஃபிளவர், பட்டாணி, கீரை என்று இனிப்பு குறைந்தவையும் முதல் வாரத்திலேயே வரட்டும். ஒன்றிரண்டு டீஸ்பூன் அளவு போதும். வயிற்றை நிரப்பப் பால் இருக்கிறது. இந்த ஸ்பூன் நாக்குக்கு.

ஒரே காயை வாரம் முழுக்கக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைவிடத் தினமும் மாற்றுவது நல்லது. புட்டிப்பால் குடித்த குழந்தைகளை வைத்து 2001-இல் வெளியான இன்னொரு ஆய்வில், தினமும் வெவ்வேறு காய் சாப்பிட்டவை, தினமும் கேரட்டே சாப்பிட்டவற்றுக்கு இணையாகக் கேரட்டை ஏற்றுக்கொண்டன. அதுவரை தொடாத கோழி இறைச்சியையும் அவை கூடுதலாகச் சாப்பிட்டன. பலவிதமான ருசிகள் பழகியதும் புதிது என்பதே அந்தக் குழந்தைகளுக்குப் பழகிப்போயிருந்தது. ஒவ்வொரு புது உணவுக்கும் மூன்று நாள் காத்திருக்கும் விதி, ஒவ்வாமை தரக்கூடிய முட்டை, நிலக்கடலை, மீன் போன்றவற்றுக்குப் பொருத்தம். சாதாரணக் காய்களுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

படி 3: கசப்பை அடக்கும் சமையல்

ஆவியில் வேகவைப்பதுதான் பொதுவாக நல்லது. விரலால் நசுக்கினால் மசியும் வரை வேக வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களை, அதாவது ப்ரோக்கோலி, காலிஃபிளவர் போன்றவற்றை, ரொம்ப நேரம் வேகவைத்தால் கந்தக வாடை கிளம்பும். குழந்தை ஓடுவது பாதி அந்த வாடைக்குத்தான்.

மசியலைத் தளர்த்தத் தண்ணீருக்குப் பதில் தாய்ப்பாலோ குழந்தை குடிக்கும் ஃபார்முலா பாலோ சேர்க்கலாம். தெரிந்த ருசி ஒன்று கூடவே வரும். கூடவே அரை டீஸ்பூன் எண்ணெயோ உப்பில்லாத வெண்ணெயோ சேருங்கள். கொழுப்பு கசப்பின் கூர்மையை மழுக்கும், கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் கரோட்டீன் உடம்பில் சேரவும் அது வேண்டும். உருளைக்கிழங்கு, சோறு, பருப்பு போன்ற மாவுத்தன்மையுள்ளவற்றோடு கீரையைக் கலந்தாலும் கசப்பு தணியும். மெதுவாக வதக்கிய வெங்காயம், வேகவைத்த தக்காளி, காளான் கொஞ்சம் சேர்ந்தால் உப்பு இல்லாமலே ருசி தேறும்.

மிஞ்சியதை உடனே ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொண்டால் ஒருவேளைக்கு ஒரு கட்டி எடுத்துச் சூடாக்கலாம். அடுத்த படிகளில் இது பெரிய உபகாரம். கீரை, பீட்ரூட் மசியலை வெளியே விட்டுவைக்க வேண்டாம், அதிலுள்ள நைட்ரேட் குழந்தைக்குக் கேடான நைட்ரைட்டாக மாறும். ஊட்டிய ஸ்பூன் பட்ட மிச்சம் குப்பைக்குத்தான்.

படி 4: ஊட்டும் நேரமும் ஊட்டும் விதமும்

பசியில் அழும் குழந்தைக்குப் புது ருசி எரிச்சல், வயிறு நிறைந்த குழந்தைக்கு அது தேவையே இல்லை. பால் குடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து, தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, முகத்துக்கு முகம் பார்க்கும்படி நீங்கள் உட்காருங்கள். படுக்கவைத்து ஊட்டாதீர்கள்.

ஸ்பூனை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்துக் காத்திருங்கள். குழந்தை பார்க்கட்டும், தொடட்டும், கையை விட்டுப் பிசையட்டும். வாய் தானாகத் திறந்தால் உள்ளே வையுங்கள். திறக்காவிட்டால் உதட்டில் லேசாகத் தொட்டுக் காட்டுங்கள். நக்கிப் பார்த்தால் அதுவும் கணக்குதான்.

இப்போது முகம் சுளிக்கும். அந்த நொடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது ஸ்பூனில் இருப்பதைவிட முக்கியம். "ஐயோ, கசக்குதா கண்ணு?" என்று கூடவே முகம் சுளித்தால், ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். சாதாரண முகத்தோடு இருங்கள், அடுத்த ஸ்பூனை முன்னால் கொண்டுபோங்கள். வாய் திறக்கிறதா? அப்படியானால் அது சாப்பிடுகிறது, முகம் என்ன சொன்னாலும் சரி. சாப்பிடும் அளவு கூடிய பிறகும் முகச்சுளிப்பு சில வாரங்கள் தொடரலாம்.

தலையைத் திருப்புவது, வாயை இறுக மூடுவது, ஸ்பூனைத் தட்டுவது, முதுகை வளைப்பது எல்லாம் போதும் என்ற பேச்சு. ஒரு தடவை சற்று நிறுத்திப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் திருப்பினால் முடித்துவிடுங்கள். ஆரம்ப நாட்களில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்காரவைக்க வேண்டாம். கன்னத்தை அழுத்தி வாயைத் திறப்பது, மூக்கைப் பிடிப்பது, அழும்போது திறந்த வாயில் திணிப்பது எதுவும் கூடாது. புரையேறும் ஆபத்து ஒரு பக்கம். அந்த உணவும் அந்த நாற்காலியும் பயத்தோடு சேர்ந்துவிடும் என்பது இன்னொரு பக்கம். போன் காட்டி ஊட்டுவதையும் இதில் சேர்ப்பேன். வாய் திறப்பது போனுக்காக என்றால் நாக்கு எதையும் கற்றுக்கொள்ளாது.

அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் இதை வேலைப் பங்கீடாகச் சொல்வார்: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் தீர்மானிக்கிறார், சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கிறது. பெரும்பாலான சண்டைகள் ஒருவர் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்வதால் வருபவை. இதற்குப் பழைய துணைச் சான்று ஒன்றும் உண்டு. கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், பால் மறந்த 15 குழந்தைகள் முன்னால் 34 வகை உணவுகளை வைத்து, எதையும் வற்புறுத்தாமல், கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். 1939-இல் முடிவை எழுதியபோது, எந்த இரண்டு குழந்தையும் ஒரே மாதிரி சாப்பிடவில்லை, ஆனால் எல்லாம் நன்றாக வளர்ந்தன என்றார். இதை "குழந்தைக்கே தெரியும், விட்டுவிடு" என்று படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் போகிறார்கள். அந்த 34 உணவில் சர்க்கரையோ இனிப்புப் பலகாரமோ கிடையாது. பட்டியலைப் போட்டது பெரியவர்.

படி 5: எட்டு தடவை, பத்து தடவை, அதற்கு மேலும்

பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான். 2007-இல் வெளியான ஆய்வில், ஏழு மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம், உங்கள் குழந்தை ஒதுக்கிய ஒரு காய் எது என்று கேட்டு, அதையே ஒன்றுவிட்டு ஒரு நாள் எட்டு தடவை கொடுக்கச் சொன்னார்கள். எட்டாம் முறையில், பிடித்த காயைச் சாப்பிடும் அளவுக்கு ஒதுக்கிய காயையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இந்த மாற்றம் வந்தது. ஒன்பது மாதம் கழித்து விசாரித்தபோதும் 63 சதவீதம் பேர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நாம் எத்தனையாவது தடவையில் நிறுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்முறையில் இது எளிது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, காயின் பெயருக்கு நேரே ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். மனக்கணக்கை நம்ப வேண்டாம், நான்காவது தடவையிலேயே "இருபது தடவை கொடுத்துவிட்டேன்" என்று தோன்றும். ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் போதும். உறையவைத்த கட்டி இருந்தால் வீணாவதும் குறைவு. எட்டு கோடு விழுந்தும் நகராவிட்டால் வடிவத்தை மாற்றுங்கள். மசித்த காலிஃபிளவரைத் தொடாத குழந்தை, அடுப்பில் சுட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கையில் கொடுத்த காலிஃபிளவரைக் கடித்துப் பார்க்கும். பதினைந்தைத் தாண்டியும் ஒன்றுமில்லை என்றால் ஒரு மாதம் ஓரம்கட்டிவிட்டுத் திரும்ப வாருங்கள். கடைசி வரை ஒரு காய் பிடிக்காமலே போனாலும் குடி முழுகிவிடாது, பெரியவர்களுக்கும் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

படி 6: ஏற்கெனவே இனிப்பிலேயே பழகிவிட்டதா?

எட்டு, ஒன்பது மாதத்தில் "பழம் இல்லாமல் ஒரு வாய் இறங்குவதில்லை" என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரே நாளில் இனிப்பை நிறுத்திப் பட்டினி போடுவதும் வேண்டாம்.

முதலில், இனிப்பு எங்கெங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் பட்டியல் போட்டுப் பாருங்கள். பழச்சாறு இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் பழச்சாறு வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் சொல்லிவிட்டது. கடையில் வாங்கும் பாக்கெட் மசியல் என்றால் பின்பக்கம் படியுங்கள். முன்னால் கீரைப் படம் இருக்கும், பின்னால் முதல் பெயர் ஆப்பிளாகவோ பேரிக்காயாகவோ இருக்கும். எடையில் அதிகமாக இருப்பதுதான் பட்டியலில் முதலில் வரும். அதைச் சாப்பிட்டு வளரும் குழந்தை கீரைக்குப் பழகுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் அது ஆப்பிளுக்குத்தான் பழகுகிறது. பாக்கெட்டின் மூக்கை வாயில் வைத்து உறிஞ்சவிட்டால் மெல்லும் பழக்கமும் தள்ளிப்போகும்.

அடுத்தது, கலவையைப் படிப்படியாக மாற்றுவது. குழந்தை ஏற்கிற கலவை எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள். முதல் மூன்று நான்கு நாள் முக்கால் பங்கு பழம், கால் பங்கு பூசணி அல்லது கேரட். அடுத்து பாதிக்குப் பாதி. அடுத்து கால் பங்கு பழம். பிறகு பழம் இல்லாமல், அந்த இனிப்புக் காயோடு மசித்த பருப்போ உருளைக்கிழங்கோ. இந்த இடத்துக்கு வந்துவிட்டால் பாலம் கடந்த மாதிரி. இனி கேரட்டைக் குறைத்துக் கீரையோ பீன்ஸோ ஏற்றலாம். ஏதாவது ஒரு படியில் முரண்டு பிடித்தால் முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள்.

பழமே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு பாலம் பால். ஒரு டீஸ்பூன் காய் மசியலை, குடிக்கிற பாலில் இரண்டு டீஸ்பூன் எடுத்துக் கலந்து ஸ்பூனால் கொடுத்து, நாளாக நாளாகப் பாலைக் குறைப்பது. புட்டியில் கலக்காதீர்கள், ஸ்பூனில் மட்டும்.

என் அபிப்பிராயத்தில், கலந்து கொடுப்பது ஊன்றுகோல்தான். தினமும் ஒருவேளையாவது, தனிக் கிண்ணத்தில், தனி ருசியாக ஒரு காய் முன்னால் வரவேண்டும். பழத்துக்குள் ஒளித்துக்கொண்டே இருந்தால் காயின் ருசியைக் குழந்தை சந்திக்கவே சந்திக்காது. ஒளித்தது தெரிந்துபோனால் சில குழந்தைகள் அந்தப் பழத்தையே சந்தேகப்படத் தொடங்கும், இருந்ததும் போய்விடும்.

வரிசையும் முக்கியம். காயும் பருப்பும் முதலில், கொஞ்சம் பசி இருக்கும்போது. பழம் வேறு வேளைக்கு. "இதைச் சாப்பிட்டால் பழம்" என்ற பேரம் ஒரு வயதுக்குள்ளேயே வேலை செய்யத் தொடங்கிவிடும், வேலை செய்வதுதான் பிரச்சினை. காய் தண்டனை, பழம் பரிசு என்று ஆகிவிட்டால் திருப்புவது கடினம். ஒரு வாய் மறுத்ததும் ஓடிப்போய் இனிப்பான மாற்று எடுத்து வருவதும் இதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. மறுத்தால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த பால் வேளை எப்படியும் வரும்.

படி 7: பருப்பு, முட்டை, மீன், இறைச்சி

காய்க்கே மாதங்களைக் கொடுத்துவிட்டு இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். இரும்பு இங்கேதான் இருக்கிறது, ஆறு மாதத்திலேயே தொடங்கலாம். பருப்பு, பயறு வகைகளை நன்றாகக் குழைய வேகவைத்து மசித்து, கூடவே தக்காளி, குடைமிளகாய், காலிஃபிளவர் என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது சேர்த்தால் அதிலுள்ள இரும்பு உடம்பில் கூடுதலாகச் சேரும். அசைவம் சாப்பிடும் வீடு என்றால் கோழியையோ இறைச்சியையோ மெத்தென்று வேகவைத்துக் காயோடு அரைத்துக் கொடுங்கள். ஈரல் என்றால் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ அதிகம். மீனில் முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுங்கள். முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும்.

ஒவ்வாமைக்குப் பயந்து முட்டையையும் நிலக்கடலையையும் இரண்டு மூன்று வயது வரை ஒத்திப்போடச் சொன்ன காலம் போய்விட்டது. ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. முதல் ஆண்டிலேயே நிலக்கடலையைத் தொடங்கித் தொடர்ந்து சாப்பிட்ட குழந்தைகளிடம், தவிர்த்த குழந்தைகளைவிட ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை மிகவும் குறைவாக இருந்தது. வழவழப்பாக அரைத்துத் தண்ணீராகக் கரைத்து, காலை வேளையில், துளியளவு தொடங்குங்கள். கடுமையான எக்ஸிமா (தோல் அழற்சி) இருக்கும் குழந்தைக்கும் ஏற்கெனவே ஓர் ஒவ்வாமை தெரிந்த குழந்தைக்கும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

படி 8: உப்பு, மசாலா, தேன்

"சப்பென்று இருக்கிறதே, எப்படிச் சாப்பிடும்?" என்பது நம் நாக்கின் கேள்வி. ஒரு வயதுக்குள் நாளுக்கு 1 கிராமுக்கும் குறைவாகத்தான் உப்பு இருக்கலாம் என்று பிரிட்டிஷ் சுகாதாரத் துறை சொல்கிறது. பாலிலும் உணவிலும் இயல்பாக இருப்பதே போதும், சிறுநீரகம் அதற்கு மேல் தாங்கும் பக்குவத்தில் இல்லை. வீட்டுக்குச் சமைக்கும்போதே உப்புப் போடுவதற்கு முன் குழந்தையின் பங்கை எடுத்துவைத்துவிடுங்கள். தனிச் சமையல் என்ற தலைவலியும் மிச்சம். ரெடிமேட் சூப், சாஸ், பிஸ்கெட், சீஸ் எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கும்.

உப்பு வேண்டாம் என்றால் வாசனையும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பூண்டு, வெங்காயம், சீரகம், கொத்தமல்லி, புதினா, மஞ்சள் எல்லாம் சிட்டிகை அளவில் சேரலாம். மிளகாய்க் காரம் ருசியே அல்ல, எரிச்சல். அதை ஒத்திவையுங்கள். சர்க்கரை, வெல்லம் சேர்க்க வேண்டாம். தேன் ஒரு வயது வரை கண்டிப்பாகக் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகளால் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் என்ற நோய் வரலாம்.

படி 9: மசியலிலேயே நின்றுவிடாதீர்கள்

ருசியை மறுக்கிறது என்று நினைக்கும் பல குழந்தைகள் மறுப்பது பதத்தை. ஆறு மாதத்தில் வழவழப்பான மசியல், ஏழு எட்டு மாதத்தில் முட்கரண்டியால் மசித்த, அங்கங்கே கட்டி தட்டுப்படும் பதம், கூடவே கையில் பிடித்துக் கடிக்க மெத்தென்று வெந்த நீளத் துண்டுகள். ஒன்பது மாதத்துக்குள் கட்டியுள்ள உணவு வந்துவிட வேண்டும். பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போன குழந்தைகளிடம் பிற்காலத்தில் சாப்பாட்டுப் பிரச்சினைகள் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மிக்ஸியை நம்பி எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துப் பழுப்பு நிறக் குழம்பலாகக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதில் எந்த ருசியும் தனியாகத் தெரியாது.

குமட்டுவதும் அடைப்பதும் வேறு வேறு. குமட்டும்போது முகம் சிவக்கும், சத்தம் வரும், இருமி வெளியே தள்ளும். குழந்தைகளுக்கு அந்த அனிச்சை நாக்கின் முன்பகுதியிலேயே தூண்டப்படும் என்பதால் அடிக்கடி நடக்கும். விரலை விட்டுத் துழாவாமல் பார்த்துக்கொண்டிருங்கள். அடைத்தால் சத்தமே வராது, மூச்சு திணறும், உதடு நீலமாகும். அது உடனடி முதலுதவி நேரம், எப்படிச் செய்வது என்று முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள். முழுத் திராட்சை, வேகவைக்காத கேரட், வேகவைக்காத ஆப்பிள் துண்டு, பாப்கார்ன் வேண்டாம். முழுக் கொட்டைகள் ஐந்து வயது வரை கூடாது.

எவ்வளவு சாப்பிட்டால் போதும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவு. பால் குடிக்கும் குழந்தைக்கு 6 முதல் 8 மாதத்தில் நாளுக்கு சுமார் 200 கலோரி, 9 முதல் 11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550 கலோரி சாப்பாட்டிலிருந்து வந்தால் போதும். முதலில் இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்துக்குப் பிறகு மூன்று நான்கு வேளை. பல் முளைக்கும்போதும் சளி பிடித்திருக்கும்போதும் அளவு குறையும். மூக்கடைத்தால் ருசியும் தெரியாது. அந்த நாட்களில் புதிதாக எதையும் நுழைக்காமல், பழகியதைக் கொடுத்து, சரியானதும் திரும்பத் தொடங்குங்கள்.

எட்டு மாதத்திலிருந்தாவது குடும்பத்தோடு உட்காரவையுங்கள். அப்பா கீரையை ஓரமாக ஒதுக்குவதைத் தினமும் பார்க்கும் குழந்தைக்கு எந்த வழிகாட்டியும் பயன்படாது. தாத்தா பாட்டியோ பார்த்துக்கொள்பவரோ பகலில் ஊட்டுகிறார்கள் என்றால், ஃப்ரிட்ஜில் ஒட்டிய அந்தத் தாளை அவர்களிடம் கொடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். "இனிப்புக் கொடுக்காதீங்க" என்று கேட்டால் மனஸ்தாபம் வரும், "இந்தப் பீன்ஸ் இன்னைக்கு ஆறாவது தடவை, நீங்க கொடுத்துப் பாருங்களேன்" என்று கேட்டால் அவர்களும் கூட்டுச் சேர்ந்துவிடுவார்கள்.

மருத்துவரிடம் எப்போது?

எடை ஏறாமல் நின்றால், ஒவ்வொரு வேளையும் இருமலோ திணறலோ வந்தால், ஒன்பது பத்து மாதம் ஆகியும் எந்தப் பதத்தையும் வாயில் வாங்காவிட்டால், சாப்பிட்டதும் அடிக்கடி வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தால், முகம் வெளுத்துச் சோர்ந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். மலச்சிக்கலும் இரும்புக் குறைவும் பசியைக் கொன்றுவிடும், அப்போது எத்தனை தடவை கொடுத்தாலும் பலன் இருக்காது. சாப்பிட்ட உடனே முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்தால் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். மற்ற குறைகளுக்குப் போகும்போது மூன்று நாள் என்ன, எப்போது, எவ்வளவு உள்ளே போனது என்று, குடித்த பாலின் அளவையும் சேர்த்து, எழுதி எடுத்துச் செல்லுங்கள். "ஒன்றுமே சாப்பிட மாட்டேன் என்கிறான்" என்பதைவிட அந்தத் தாளிலிருந்து மருத்துவருக்கு அதிகம் தெரியும்.